மரத்தில் ஸ்டேப்பிள் கன்: மலையில் இருப்பவர்களின் அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் பக்கத்தில் காய்கறி நாற்று வளர்ப்பவர்கள் பலர் சில்வர் ஓக் ரீப்பர்களால் (மெல்லிய மரப் பட்டிகளால்) சட்டம் கட்டி, அதன்மேல் பாலித்தீன் தாளை ஸ்டேப்பிள் கன்னால், அதாவது இரண்டு கால் கொண்ட கம்பிப் பின்னை மரத்தில் இறக்கும் கருவியால், அடித்துக்கொள்கிறார்கள். சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் என்னை அழைத்து, “அண்ணா, தாள் ஒரே இரவில் பறந்துவிட்டது, கன்னுக்கு வேகம் போதவில்லை போலிருக்கிறது” என்றார். போய்ப் பார்த்தபோது கன்னில் குறையேதும் இல்லை. பெரும்பாலான பின்கள் மரத்திலேயே இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் விரல் நகமளவு தாள் மட்டும் மிஞ்சியிருந்தது. மெல்லிய தாளை வெறும் பின் மட்டும் பிடித்திருந்தால், காற்றின் இழுவை முழுவதும் அந்தக் கம்பியின் விளிம்பில் விழுந்து தாளை அறுத்துவிடும். தாளின்மேல் பழைய சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த பட்டையையோ, பார்சல் கட்டும் பிளாஸ்டிக் பட்டையையோ வைத்து, அதன்மேல் அடிக்கச் சொன்னேன்.

சில இடங்களில் ஸ்டேப்பிள் பின்னே கழன்று வந்திருந்ததற்குக் காரணம் வேறு. அந்த ரீப்பர்கள் அறுத்த ஈரம் காயாதவை. பச்சை மரத்தில் பின் சுலபமாக இறங்கிவிடும். ஆனால் மரம் காய்ந்து சுருங்கும்போது, பின்னின் கால்களைச் சுற்றியிருந்த பிடி தளர்ந்துவிடும். ஆகவே ரீப்பரை நிழலில் காயவைத்த பிறகு அடிப்பதே நல்லது. இன்னொன்றையும் அங்கே கண்டேன். பின்னின் இரண்டு கால்களும் மரத்தின் ஒரே ரேகையில், அதாவது இழை ஓடும் கோட்டில், விழும்படி அடித்த இடங்களில் மெல்லிய ரீப்பர் நீளவாக்கில் பிளந்திருந்தது. கன்னைச் சற்றே திருப்பி, ரேகைக்குச் சாய்வாக அடித்தால், கால்கள் வெவ்வேறு இழைகளில் இறங்கும். மரமும் பிளக்காது, பிடியும் கூடும்.

கொடைக்கானலிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் நாற்காலிகளுக்கு மெத்தைத் துணி மாற்றும் வேலை செய்கிறேன். மேலே சொன்னவை அனைத்தும் எனக்கும் உடன்பாடே. பின்னின் உலோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே மூடுபனியின் ஈரம் வீட்டுக்குள்ளும் வந்து தங்குவதால், சாதாரண இரும்புப் பின்கள் துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறையை ஏற்றிவிடுகின்றன. தைல மரம் போன்ற துவர்ப்புச் சத்துள்ள மரமானால், ஈரம் பட்ட இரும்பைச் சுற்றி மரமே கறுத்துப் போகிறது. விலை கூடுதலானாலும் துருப்பிடிக்காத எஃகுப் பின்களையே நான் வாங்குகிறேன்.

பழைய நாற்காலிச் சட்டங்கள் நன்கு முற்றிய மரத்தில் செய்தவை. அவற்றில் 12 அல்லது 14 மி.மீ. கால் கொண்ட பின்னைக் கைக்கன்னால் அடித்தால், பாதி இறங்கியதும் கால் மடங்கிவிடும்; அங்கே 6 அல்லது 8 மி.மீ. போதுமானது. நீளமான பின்கள் மென்மரத்துக்கும் தடித்த துணிக்கும் ஏற்றவை. கன்னின் மூக்கை மரத்தில் தட்டையாகப் பதித்து, மறு உள்ளங்கையால் அதன் தலையை அழுத்திப் பிடித்தபடி அடிக்க வேண்டும், ஏனெனில் உள்ளே அடி விழும் கணத்தில் கன் மேலே எழும்பும், எழும்பிய அளவுக்கு ஸ்டேப்பிள் பின்னும் துருத்தி நிற்கும். அப்படி நின்ற பின்னைச் சிறு சுத்தியலால் தட்டி அமர்த்திவிடலாம். துணியை முதலில் நான்கு பக்கங்களின் நடுவிலும் எதிரெதிராக அடித்துவிட்டு, மூலைகளைக் கடைசிக்கு விடுங்கள்.

பின் அடிக்கடி சிக்கிக்கொண்டால், கன்னின்மேல் குறித்துள்ள வகை எண்ணும் பின் பெட்டியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அகலம் ஒன்றாக இருந்தும் கம்பியின் தடிமன் வேறுபடுவதுண்டு. சிக்கியதை எடுக்கும்முன் கைப்பிடியைப் பூட்டி, பின்களைத் தள்ளும் சுருள்வில்லைக் கழற்றிவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கன்னின் மூக்குப் பக்கம் குனிந்து பார்க்கவே வேண்டாம்.