மாசி கடைசியில் குளத்துப் பறவைகள்: கிளம்பிவிட்டனவா, நிறம் மாறிவிட்டனவா?

கேட்டவர்: மறுகால்கரை

வணக்கம். நாங்குநேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. இந்தப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில்தான் முதன்முதலாகப் பைனாகுலரைக் கையில் எடுத்தேன். அதிலிருந்து ஏழாம் வகுப்புப் படிக்கிற மகளும் நானும் வாரத்துக்கு மூன்று நாள் விடியற்காலையில் ஊர்க் குளத்தங்கரையில் நடக்கிறோம். இந்த இரண்டு வாரத்தில் பார்த்ததெல்லாம் குழப்பமாக இருக்கிறது.

ஜனவரியில் நடுக்குளத்தில் நீலச்சிறகு வாத்துகள் 60, 70 என்று மிதந்தன. போன ஞாயிறு எண்ணியபோது 11. இன்று ஒன்றுகூட இல்லை. மாசி முடியுமுன்பே போய்விடுமா?

அறுப்பு முடிந்த பிசான வயலில் வாலாட்டிகள் நிறைய. பொங்கலுக்குப் பார்த்தவை மங்கலாக, அழுக்கு மஞ்சளில் இருந்தன. இன்று ஒன்றுக்கு நெஞ்சிலிருந்து வயிறு வரை பளீரென்ற மஞ்சள், தலை ஈயச் சாம்பல். இது புதிதாக வந்ததா?

மூன்றாவது, மடைக்குப் பக்கத்து உடைமரப் புதரில் ஒரு பறவை. மாதக்கணக்காக "டக், டக்" என்று நாக்கைத் தட்டுகிற மாதிரி ஒரே சத்தம்தான் கேட்கும், ஆளைக் காட்டாது. நான்கு நாளாக அதே புதரிலிருந்து நீளமான பாட்டு வருகிறது. நடுவில் கரிச்சான் மாதிரிக்கூட ஒரு துண்டு வந்தது. அதே பறவைதானா? மகள் அதேதான் என்று அடித்துச் சொல்கிறாள்.

பதில்: கம்பிக்குருவி

உங்கள் மகள் சொன்னது சரி தங்கச்சி. அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. குளிர்காலம் முழுக்க அந்த டக் டக்கோடு நிறுத்திக்கொள்ளும். ஊருக்குத் திரும்புகிற நாள் நெருங்கும்போது பாட ஆரம்பிக்கும். மற்ற பறவைகளின் குரலைத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்கிற பழக்கம் அதற்கு உண்டு. நீங்கள் கேட்ட கரிச்சான் துண்டு அதுதான். ஏப்ரல் வரைக்கும் இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள்.

வாலாட்டியும் புதிதாக வந்தது இல்லை. பொங்கலுக்கு நீங்கள் பார்த்த அதே மஞ்சள் வாலாட்டிதான் இறகு மாற்றிக்கொண்டு நிற்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். தலை சாம்பல், கீழே மஞ்சள் என்றால் மஞ்சள் வாலாட்டி. தலையே மஞ்சளாக இருந்தால் எலுமிச்சை வாலாட்டி, அது வேறு இனம். கறுப்பு வெள்ளையில், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவத்தோடு கல்லில் நின்று கத்துகிறதே, அது வெண்புருவ வாலாட்டி. அது நம் ஊர்ப் பறவை, எங்கும் போகாது. மற்ற வாலாட்டிகள் மூட்டை கட்டுகிற இந்த நேரத்தில் அது கூட்டுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கும்.

வாத்து விஷயத்தில் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். உங்கள் குளத்தில் இல்லை என்றால் கிளம்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. தண்ணீர் இறங்கி, மீன்பாசிக் குத்தகைக்காரர்கள் வலையோடு இறங்கியிருந்தால் அவை ஆழமான குளத்துக்கு இடம் மாறியிருக்கும். ஒருமுறை கூந்தங்குளத்தையும் விஜயநாராயணம் பெரிய குளத்தையும் போய்ப் பாருங்கள். கூந்தங்குளத்தில் வரித்தலை வாத்து இன்னும் நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். திபெத்திலும் மங்கோலியாவிலும் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டி நம் ஊர் வரைக்கும் வருகிற வாத்து அது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விட்டவை தென்னிந்தியக் குளங்களில் தென்பட்டிருக்கின்றன. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு இதுதான் முக்கியம்.

நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையே அண்ணாந்து கம்பியைப் பார்ப்பது என்பதால், குளிர்காலத்துக்கு இங்கே வந்து கம்பியில் உட்கார்கிற தகைவிலான் குருவியைப் பார்க்கப் பழகினேன். முதல் தகைவிலான் கம்பியில் வந்து உட்கார்ந்த தேதி என் பழைய டைரிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. என்றைக்குப் போயின என்று தேடினால் பத்து வருஷத்து டைரியில் ஒரு தேதிகூட இல்லை. வருவது கண்ணில் படும். நேற்று வெறும் கம்பி, இன்று பறவை. உடனே எழுதத் தோன்றும். போவது அப்படிப் படாது. கடைசியாகப் பார்க்கிற அன்றைக்கு அது கடைசி என்று நமக்குத் தெரியாது. நாலு நாள் கழித்து நினைவு வந்து அண்ணாந்து பார்த்தால் கம்பி காலி. எந்த நாள் காலியானது என்று யாரைக் கேட்பது?

அதனால் இப்போது மாசி பிறந்தால் தினமும் எழுதுகிறேன். எங்கள் தெருமுனையில் இரண்டு கம்பத்துக்கு நடுவே உள்ள கம்பியை மட்டும்தான், சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு எண்ணுவேன். "இருக்கு, 140." "இருக்கு, 96." "இருக்கு, 3." அப்புறம் "இல்லை." மூன்று நாள் தொடர்ந்து "இல்லை" வந்தால், கடைசி "இருக்கு"வைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். "இல்லை" என்று எழுதாவிட்டால் அந்த வட்டத்துக்கு மதிப்பே கிடையாது.

எண்ணும்போது வாலையும் பாருங்கள். குளிர்காலத்தில் இங்கேதான் தகைவிலான் இறகு உதிர்த்து முளைக்கிறது. டிசம்பரில் பாதி வால் மொட்டையாக இருக்கும். இப்போது இரண்டு ஓர இறகும் கம்பி மாதிரி நீண்டு, வெயில் பட்டால் முதுகு கருநீலமாக மின்னும்.

பார்த்த பறவைகளைப் பதிகிற இ-பேர்டு இணையதளத்தில் போடுகிறீர்கள் என்றால் முழுப் பட்டியலாகப் போடுங்கள். பார்த்ததையெல்லாம் பதிந்திருக்கிறீர்கள் என்று அதில் தெரிந்தால்தான், பட்டியலில் வராத பறவை அன்றைக்கு உங்கள் கண்ணில் படவில்லை என்று பிற்பாடு யாராவது எடுத்துக்கொள்ள முடியும். அழகான படம் கிடைத்த ஒரு பறவையை மட்டும் ஏற்றினால் இந்த விவரம் போய்விடும்.

பதில்: வலைகட்டி

அண்ணாச்சி சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டுகிற முகாமில் ஒரு பருவம் உதவிக்கு நின்றிருக்கிறேன். கொசு உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவையைக் கையில் பிடித்து, வயிற்று இறகை வாயால் மெல்ல ஊதி விலக்குவார்கள். அடியில் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். வந்த புதிதில் தோலுக்குக் கீழே சிவந்த சதைதான். கிளம்புகிற காலத்தில் கழுத்துக் குழியிலும் வயிற்றிலும் வெண்ணெய் நிறத்தில் கொழுப்பு கட்டியிருக்கும். வழிச்செலவுக்கு அதுதான். கையில் வைத்தால் கனமே தெரியாது, அந்த உடம்பு ஆர்க்டிக் கரை வரைக்கும் போகவேண்டும்.

அதனால் மறுகால்கரை அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். சகதியில் உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தால் படத்துக்காகக் கிட்டே போகாதீர்கள். நாம் ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் தின்று சேர்த்ததில் கொஞ்சம் வீண். காலில் வளையம் தெரிந்தால் அதில் உள்ள எழுத்து, எண், நிறம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் மாட்டிய உலோக வளையம் என்றால் பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துடையது. தெரிவிக்கச் சொல்லி அதிலேயே ஆங்கிலத்தில் பொறித்திருக்கும்.

பதில்: வங்காலைப்பெடியன்

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். வங்காலைப் பக்கம் ஊசிவால் வாத்து இன்னும் நிற்குது அக்கா, ஆனால் போன மாதம் போல் இல்லை. இங்கே வாடை ஓய்ந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்ப முன்னம் பெரும்பாலானவை வெளிக்கிட்டுவிடும். இந்தப் பாதையில் எங்கட தீவுதான் கடைசித் தரிப்பு. எங்கட குளத்தை விட்ட வாத்து உங்கட குளத்தில் ஓரிரு நாள் இறங்கினாலும் இறங்கும். அதனால் இப்ப "இல்லை" என்று எழுதினாலும் பங்குனி முடியும் மட்டும் பார்த்துக்கொண்டிருங்கோ. ஆறுமணிக்குருவியையும் மறக்க வேண்டாம். அது சித்திரையில்தான் போகும். இரவில் பறந்து களைத்து, விடிய வீட்டு முற்றத்தில், கிணற்றடியில் குந்தியிருக்கும். பூனை நாய் அண்டாமல் ஒரு அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, பொழுதுபட விட்டால் போய்விடும்.

பதில்: கம்பிக்குருவி

தம்பி சொன்ன ஆறுமணிக்குருவியோடு சூறைக்குருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. நம் பக்கம் முள்முருங்கை பூத்திருக்கும் மரத்தடியில் காலையில் நில்லுங்கள். தேன் குடிக்கக் கூட்டமாக வரும். பூந்தாது அப்பி நெற்றி மஞ்சளாகத் தெரியும், வேறு பறவை என்று ஏமாற வேண்டாம். குளிர்காலத்தில் அழுக்கு ரோஜா நிறத்தில் இருந்தது, இறகு நுனிகள் தேய்ந்து இப்போது முதுகு நல்ல இளஞ்சிவப்பாகியிருக்கும். கசகஸ்தான் பக்கம் கற்குவியல்களில் கூடு கட்டி, வெட்டுக்கிளி தின்று குஞ்சு வளர்க்கும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறபோது அங்கே உள்ள ஆலமரத்தைப் பாருங்கள். எங்கள் குலசாமி கோயிலில் போன வருஷம் அன்றைக்கு இருந்தன. அடுத்த வாரம் போனபோது இல்லை.

கேட்டவர்: மறுகால்கரை

ரொம்ப நன்றி அண்ணாச்சி, தம்பிகளுக்கும். நேற்று கூந்தங்குளம் போய் வந்தோம். நீலச்சிறகு வாத்து 40க்கு மேல், ஆண்களுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளை வில் அப்படியே தெளிவாகத் தெரிந்தது. எங்கள் குளத்து வாத்துகள்தானா என்று மகள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வரித்தலை வாத்து 6, கரையிலிருந்து தள்ளி ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தன.

இன்று காலை எங்கள் குளம்: மஞ்சள் வாலாட்டி இருக்கு, 9. நாணல் கதிர்க்குருவி இருக்கு, பாடுகிறது. நீலச்சிறகு வாத்து இல்லை, இரண்டாவது நாள். பள்ளிக்கூட வாசலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே தகைவிலான் 37. சாயங்காலம் பள்ளி விட்டதும் எண்ணுவது இனிமேல் தன் வேலை என்று மகள் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.