கவினோட சனி மாடல்

நித்யா: செந்தில் அண்ணா, கவினுக்கு வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி. சனிக் கோள் செய்றான். தெர்மாகோல் பந்து, சார்ட் பேப்பர் வாங்கியாச்சு. வளையத்தை எந்த அளவுல வெட்டணும்?

செந்தில்: பந்து விட்டம் எவ்வளவு?

நித்யா: 12 செ.மீ.

செந்தில்: நல்லதாப் போச்சு. 1 செ.மீ. = 10,000 கி.மீ.னு வெச்சுக்கலாம். சனியோட பெரிய வளையங்களுக்கு உள்ளே இருந்து வெளியே சி, பி, ஏன்னு பேர். ஒரே மையத்துல காம்பஸ் வெச்சு இந்த ஆரங்கள் (செ.மீ.):
சி வளையம் 7.5 – 9.2
பி வளையம் 9.2 – 11.75
காசினி இடைவெளி (பி-க்கும் ஏ-க்கும் நடுவுல இருக்கிற இருண்ட பட்டை) 11.75 – 12.2
ஏ வளையம் 12.2 – 13.7

செந்தில்: மொத்த அகலம் 27.4 வருது, ஏ4ல அடங்காது. ஏ3 ஓஎச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் தாள்) வாங்கு. சார்ட் பேப்பர் வேண்டாம். சி வளையம் வழியா பின்னாடி இருக்கிறது தெரியும், அதுக்கு லேசா சாம்பல் போதும். பி-க்கு வெள்ளைய அழுத்தமா அடிக்கணும். ஏ ரெண்டுக்கும் நடுவுல.

பெரியப்பா: ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சிடாதீங்க, தெர்மாகோல் கரைஞ்சு குழி விழும். போஸ்டர் கலர், ஃபெவிகால் போதும். பந்தோட மேலயும் கீழயும் அரை செ.மீ. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். சனி நடுவுல 1,20,536 கி.மீ., துருவத்துல 1,08,728தான்.

ராஜி அத்தை: இவ்வளவு மெல்லிசா இருந்தா மார்க் குறைச்சிட மாட்டாங்களா 😀

செந்தில்: அந்த ஷீட்டே தடிமன்தான் அத்தை. நிஜ வளையம் ரெண்டே முக்கால் லட்சம் கி.மீ. அகலம், தடிமன் பெரும்பாலான இடத்துல சுமார் 10 மீட்டர். 0.1 மி.மீ. ஷீட்டுக்குப் பொருத்தமா வெட்டணும்னா வளையம் 2.7 கி.மீ. அகலம் வேணும்.

பெரியப்பா: பந்துல நாலு டூத்பிக் குத்தி அதுமேல ஷீட்டை ஒட்டுங்க, இல்லேன்னா தொங்கிடும். அச்சை 26.7 டிகிரி சாய்க்கணும்.

நித்யா: மாமா நான் கவின். வளையத்துக்கு மோட்டார் வெச்சு சுத்த விடலாம்னு இருக்கேன்

செந்தில்: அது மட்டும் வேண்டாம்டா. ஒரே தட்டாச் சுத்தினா வெளி ஓரம் வேகமாப் போகும். நிஜத்துல தலைகீழ். சி-யோட உள் ஓரம் நொடிக்கு 22.5 கி.மீ., ஒரு சுத்துக்கு 5.8 மணி நேரம். ஏ-யோட வெளி ஓரம் 16.6 கி.மீ., 14.3 மணி. ஒவ்வொரு பனிக்கட்டியும் தனித்தனியா கோளைச் சுத்துது. திடமான தட்டா இருந்தா நிலைக்காதுன்னு 1859லயே மேக்ஸ்வெல்ங்கிற இயற்பியலாளர் கணக்குல காட்டிட்டார். 1895ல கீலர்ங்கிற வானியலாளர் வளையத்தோட ஒளிய நிறம் நிறமாப் பிரிச்சு (நிறமாலை) பார்த்து, உள்பக்கம்தான் வேகம்னு நிரூபிச்சார்.

நித்யா: அப்போ எப்படிக் காட்டறது? (கவின்)

செந்தில்: லேப்டாப்ல ஸ்க்ராட்ச் (பசங்க புரோகிராம் எழுதுற மென்பொருள்) போட்டுக் காட்டு. ஒரு மணி நேரம் = ஒரு நொடி. ஆரம் 7.5ல இருக்கிற புள்ளி 5.8 நொடியில சுத்தணும், 9.2ல 7.9, 11.75ல 11.4, 13.7ல 14.3. மத்த ஆரத்துக்கு, ஒரு சுத்துக்கு ஆகிற நேரத்தோட வர்க்கம் ஆரத்தோட மூணாம் படிக்கு (கனத்துக்கு) நேர் விகிதம். பந்தை 10.5 நொடிக்கு ஒரு தடவை சுத்த விடு. உள் வளையம் சனியையே முந்தறது தெரியும்.

பெரியப்பா: காசினி இடைவெளி ஏன்னு நிச்சயம் கேப்பாங்க. மையத்துல இருந்து 18.6 செ.மீ. தள்ளி ஒரு ரவைத் துகள் வை, அதான் மைமாஸ் நிலா, 396 கி.மீ. அது சுத்த 22.6 மணி. பி-யோட வெளி ஓரம் அதுக்குள்ள ரெண்டு சுத்து போயிடும். இழுப்பு திரும்பத் திரும்ப ஒரே இடத்துல விழுது, பாதை நீளுது, மோதல் கூடுது. பி வளையத்தோட ஓரம் அங்கதான் நிக்குது. இடைவெளிய முழுக்கக் கறுப்பா அடிக்காத, அங்கயும் மெல்லிசாப் பொருள் இருக்கு. பான் நிலா துடைச்சு வெச்ச என்கே இடைவெளிய 13.36ல குண்டூசியால கீறு. 325 கி.மீ., அதாவது 0.3 மி.மீ.

ராஜி அத்தை: வேற கோளுக்கும் வளையம் இருக்கா?

பெரியப்பா: வியாழன், யுரேனஸ், நெப்டியூன் மூணுக்கும் உண்டு. யுரேனஸ் வளையம் 1977 மார்ச் 10ல தெரிஞ்சது. கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதுக்கு முன்னாடியே அதோட ஒளி மங்கி மங்கி வந்தது. ஜவ்வாது மலை காவலூர் வானாய்வகத்துலயும் அன்னைக்குப் பார்த்தாங்க. அவங்க பதிவுலயும் அந்த மங்கல் விழுந்தது, முதல்ல புது நிலான்னு எழுதினாங்க.

நித்யா: கடையில ஏ3 ஷீட் இல்லையாம், ஏ4தான் இருக்காம்

செந்தில்: 6 செ.மீ. பந்து வாங்கி எல்லா ஆரத்தையும் பாதியாக்கு. என்கே கீறல விட்டுடு, அந்த அளவுல குண்டூசியே தடிமன்.