கண்மாய் தூர்வாரும்போது குளநெல்லை விட்டுவைக்கணுமா?

உள்வாய்க்காரன்
எங்கள் ஊர்க் கண்மாயில் சித்திரையில் தூர்வாரப் போகிறார்கள். நல்ல காரியம்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் உள்வாயின், அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியின், மேற்கு ஓரத்தில், முழங்கால் ஆழம்கூட இல்லாமல் கோடையில் வெடித்துக் கிடக்கும் இடத்தில், அரை ஏக்கருக்குக் குளநெல் நிற்கிறது, யாரும் விதைக்காமல் தானாக வருகிற காட்டுநெல். இப்போது கதிர் விட்டிருக்கிறது. கை பட்டால் போதும், பொலபொலவென்று உதிர்கிறது, ஒவ்வொரு நெல்லுக்கும் விரல் நீளத்துக்கு வால், வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு வெட்டலாமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டேன், சிரித்துவிட்டார்கள். இங்கே என்ன சொல்கிறீர்கள்?

கடைமடை
சிரித்ததில் தப்பே இல்லை. களைக்கு இடஒதுக்கீடு கேட்டால் வேறென்ன செய்வார்கள்? நான் கடைமடையில் நெல் போடுகிறவன். நேரடி விதைப்புக்கு மாறியதிலிருந்து இந்தச் சனியன் என் வயலிலும் வருகிறது. கதிர் வரும்வரை நம் பயிரைப் போலவே நிற்கும், அறுப்புக்கு முன்பே கொட்டிவிடும், மறு வருஷம் இரண்டு மடங்காக முளைக்கும். அரிசியில் சிவப்பு கலந்துவிட்டது என்று வியாபாரி விலையைக் குறைத்தான். அவ்வளவு அக்கறை இருந்தால் விதையைப் பொறுக்கி டெல்லிக்கு அனுப்புங்கள், தேசிய மரபணு வங்கியில் மைனஸ் 18 டிகிரியில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர் நிற்கிற இடத்தை எங்களுக்கு விடுங்கள்.

நாணல்தட்டை
களை என்று சொல்கிற இந்த நெல்தான் ஒரு காலத்தில் சோற்றைக் காப்பாற்றியது. புகையான் பூச்சி பரப்புகிற புல்தழைக் குட்டை நோய் 1970களில் ஆசியா முழுக்க வயல்களை அழித்தது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்துப் பார்த்ததில், பயன்படுகிற எதிர்ப்புச் சக்தி உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரே ஒரு காட்டுநெல் மாதிரியில்தான் கிடைத்தது. ஒரைசா நிவாரா, அதாவது இந்தக் குளநெல் இனமேதான். அதை ஒட்டுச்சேர்த்து வந்ததுதான் 1976இல் வெளியான ஐஆர்36 நெல் ரகம். கடைமடை சார், உங்கள் அப்பா போட்டிருக்கவும் கூடும்.

கடைமடை
போட்டார், நன்றாகவே விளைந்தது. ஆனால் நீங்கள் சொன்ன கதையை நீங்களே ஒருமுறை திரும்பப் படியுங்கள். அந்த விதை எங்கே இருந்து வந்தது? நிறுவனத்தின் சேமிப்பில் இருந்து. குளத்தங்கரையில் யாரும் காவல் இருக்கவில்லை. இது விதை வங்கிக்குத்தான் சாட்சி, எனக்குத்தான் சாதகம்.

நாணல்தட்டை
அது நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம், நானும் அதையே செய்திருக்கிறேன்.

ஆனால் 1970இல் சீனாவின் ஹைனான் தீவில் நெல் விஞ்ஞானி யுவான் லோங்பிங்கின் குழு தேடிக்கொண்டிருந்தது மகரந்தம் மலடான ஒரு செடியை. கிடைத்தது சதுப்பில் தானாக நின்ற காட்டுநெல் கூட்டத்தில், ஒரு செடி. வீரிய ஒட்டு நெல் அதிலிருந்துதான் கிளம்பியது. அந்தச் சதுப்பை ஒரு வருஷம் முன்னால் மூடியிருந்தால்?

இன்னொன்று. வங்கியில் விதை தூங்குகிறது, காலம் ஓடுகிறது. இஸ்ரேலில் காட்டுக் கோதுமையும் காட்டு பார்லியும் வளரும் இடங்களில் 1980இல் விதை எடுத்தார்கள், 2008இல் அதே இடங்களுக்குப் போய் மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாக விதைத்தபோது, பிந்தி எடுத்த விதைகள் சராசரியாக ஒரு வாரத்துக்கும் மேல் முன்னதாகப் பூத்தன. வெயில் கூடியதற்கு இடத்திலேயே நின்ற செடி 28 வருஷத்தில் தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. பெட்டியில் இருந்த விதைக்கு அந்தப் பாடம் தெரியாது.

செம்மண்_புதுகை
ரெண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கண்மாயைச் சுற்றி ஆயக்கட்டு, அதாவது அதில் பாய்கிற வயல், முழுக்க நெல். காற்றில் மகரந்தம் போகாதா? பத்து இருபது வருஷம் கழித்து அந்த மூலையில் நிற்பது பாதி காட்டுநெல், பாதி நம் வயல் நெல். மேகாலயாவில் காரோ மலையில் காட்டு ஆரஞ்சுக்கு நோக்ரெக்கில் சரணாலயம் இருக்கிறது, அது காடு, சரி. இங்கே வயலுக்கு நடுவில் எதைப் பாதுகாக்கிறோம் என்றே தெரியாமல் பாதுகாக்கிறோம். வேலி போடலாம் என்று யாராவது ஆரம்பிக்காதீர்கள். மாடு மேயவில்லை என்றால் சம்பும் கோரையும் ரெண்டு மழையில் அதை மூடிவிடும்.

நாணல்தட்டை
கலப்பு நடக்கும், மறுக்கவில்லை. அதனால்தான் வங்கியும் வேண்டும் என்கிறேன். இதில் ஒன்றா மற்றொன்றா என்று சண்டை எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இல் தொடங்கி, 1918இல் கோ 205 வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் தின்கிற கரும்பு, மறுபக்கம் கோவையில் தானாக வளர்ந்த நாணல். என் புனைபெயரே அந்த நாணல்தான், ஹிஹி.

கடைமடை
கரும்புக் கதை எல்லாம் சரி. தண்ணீருக்குப் பதில் சொல்லுங்கள்.

மடைக்கணக்கு
நான் சொல்கிறேன், கணக்கு எனக்குப் பழக்கம். அரை ஏக்கரை மூன்றடி வெட்டினால் கிடைப்பது சுமார் 1,850 கன மீட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் 4,850 கன மீட்டர் வேண்டும். அதாவது அந்த மூலையை வெட்டினால் கூடுதலாகக் கிடைக்கிற தண்ணீரில் அரை ஏக்கர் நெல்கூட விளையாது.

கடைமடை
அந்த அரை ஏக்கர் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? கடைசியில் காய்வது என்னுடையதுதான்.

மடைக்கணக்கு
கோபப்படாதீர்கள், பாதிதான் சொன்னேன். வெட்டின வண்டல் எங்கே போகும்? உங்கள் வயலுக்குத்தான், டிராக்டர் டிராக்டராக. அந்த மூலை மண்ணில் வருஷக்கணக்காக உதிர்ந்த நெல் கிடக்கிறது, எல்லாம் ஒரே மழையில் முளைத்துத் தீர்ந்துவிடுகிற சாதி இல்லை. ஜேசிபியை அங்கே விட்டால் களையை நீங்களே காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறீர்கள். மடைப்பக்கம் மூன்றடிக்குப் பதில் இன்னும் கொஞ்சம் ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள், விட்ட கொள்ளளவு வந்துவிடும். மேற்கு ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாகவே விடச் சொல்லுங்கள். இந்த நெல் ஆழத்தில் வராது, காய்ந்து நனைகிற ஓரம்தான் அதற்கு வீடு.

கடைமடை
வண்டலை நான் யோசிக்கவில்லை. போன தடவை தூர்வாரினபோது முப்பது டிராக்டர் அடித்தேன். அதற்கு அப்புறம்தான் என் வயலில் இது அதிகமானது. நேரடி விதைப்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், ரெண்டும் ஒரே சமயத்தில் நடந்தது.

செம்மண்_புதுகை
அடுத்த தலைவர் வந்து அந்த மூலையில் நீச்சல்குளம் கட்டமாட்டார் என்று என்ன நிச்சயம்? எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?

உள்வாய்க்காரன்
2002 பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிக்கு ஒரு மேலாண்மைக் குழுவும், ஊரின் செடிகொடி உயிர்களை எழுதிவைக்கிற ஒரு பதிவேடும் இருக்க வேண்டும். அதில் இந்த மூலையை எழுதிவைக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறேன். மதுரை அரிட்டாபட்டிக்கு 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிப்பே வந்தது, அந்த அளவுக்கு எனக்கு ஆசை இல்லை, நோட்டில் ஒரு வரி போதும். நாளைக்குக் கயிறு பிடித்து அளந்து நாலு கல் நடுகிறேன். அப்புறம் இருபது கதிரில் கொசுவலைத் துணியைப் பை மாதிரிக் கட்டப் போகிறேன், உதிர்வது அதிலேயே விழட்டும். வங்கிக்கு அனுப்பப் பாதி.

கடைமடை
மீதியில் எனக்கு ஒரு கைப்பிடி எடுத்துவையுங்கள். என் வயலில் நிற்பதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கணும், ரெண்டும் ஒன்றுதானா என்று. தொட்டியில்தான் போடுவேன், பயப்படாதீர்கள்.