புதுப்பிப்பு: இன்சுலின் போட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கிறேன்

இன்சுலின் போடுகிற நான் தாய்ப்பால் கொடுக்கலாமா, பிறந்த குழந்தைக்குச் சர்க்கரை இறங்கினால் பவுடர் பால்தான் வழியா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெங்களூரில் பிரசவம் நல்லபடி முடிந்தது.

கைகொடுத்தது, பதில் சொன்னவர்களில் ஜெயநகர் அக்கா சொன்ன யோசனைதான்: டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கர்ப்பத்தின் 36 வாரத்துக்குப் பிறகு சீம்பாலைக் கையால் பீய்ச்சி, சிரிஞ்சில் எடுத்து ஃப்ரீசரில் வைத்தது. குழந்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியபோது அதுவே போதுமாக இருந்தது. பால் நன்றாகச் சுரக்கத் தாமதமானது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சகஜமாம். அடிக்கடி குடிக்க வைத்ததில் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது, எனக்கே லோ சுகர் ஆனது. பால் கொடுத்தால் தாய்க்குச் சர்க்கரை இறங்கலாம். ராத்திரியில் வியர்த்து, கை நடுங்கிவிட்டது. டாக்டர் இன்சுலின் அளவைக் குறைத்தார். இப்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் பால் கொடுக்கிறேன். அப்புறம், மாமியார் பயந்ததுபோல இன்சுலின் பால் வழியாகக் குழந்தையைப் பாதிக்காது.