“சேர் எங்க?” என்று உங்களிடமும் கேட்டிருக்கிறார்களா?

வெள்ளவத்தை, சைட் என்ஜினியர்

போன கிழமை நடந்ததை எழுதி இதைத் தொடங்குகிறேன். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்புகிறது. அன்றைக்கு மூன்றாம் மாடி ஸ்லாப் போடும் நாள். காலை ஆறரைக்கு முதல் கொங்கிரீட் லொறி வந்து நின்றது. டிரைவர் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் ஹெல்மெட் போட்டு, பைலை வைத்துக்கொண்டு கேட்டடியிலேயே நிற்கிறேன். என்னைத் தாண்டிப் போய், கம்பி கட்டுகிற பையனிடம் “சேர் கோ?” என்று சிங்களத்தில் கேட்டார். பையன் என்னைக் காட்டினான். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பெரிய சேர் எத்தனை மணிக்கு வருவார் என்று அவனிடமே மறுபடி கேட்டார்.

இது பழகிப்போன விஷயம், விடலாம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விட முடியவில்லை.

கொங்கிரீட் வந்ததும் ஸ்லம்ப் பார்ப்போம். 300 மில்லிமீட்டர் உயரமுள்ள இரும்புக் கூம்பில் மூன்று படையாக நிரப்பி, ஒவ்வொரு படையையும் கம்பியால் 25 தரம் குத்தி, கூம்பை நேராக மேலே தூக்கவேண்டும். கலவை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் கணக்கு. எங்கள் வேலைக்கு 150 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. அன்றைக்கு 210 இறங்கியது. தண்ணீர் கூடின கலவை, காய்ந்த பிறகு அதில் எதிர்பார்த்த பலம் இருக்காது. லொறியைத் திருப்பச் சொன்னேன். டிரைவர் போனை எடுத்து, இங்கே ஒரு மிஸ் நிற்கிறா, அவவுக்கு இது விளங்கவில்லை என்று யாருக்கோ சொன்னார். நான் இரண்டாம் தரம் அளந்து காட்டினேன். அப்போதும் அவர் அசையவில்லை. பின்னால் அடுத்த லொறி ஒழுங்கை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

நாற்பது நிமிடம் கழித்து எங்கள் டெக்னிக்கல் ஒஃபிசர் வந்தார். என்னை விட ஆறு வயது இளையவர், எனக்குக் கீழே வேலை செய்பவர். அதே நாடாவால் அளந்து, “இருநூற்றுப் பத்து, கொண்டுபோங்க” என்றார். டிரைவர் தலையாட்டிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “அதுக்குத்தான் பிள்ளை, டீச்சிங் எடு எண்டு அப்பவே சொன்னனான்” என்றா. டிரைவர் சொன்னதை விட அதுதான் இரவு முழுக்கக் காதில் கிடந்தது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். பெரிய அநியாயமாக இருக்கவேண்டும் என்றில்லை. பஸ்ஸில், கோயில் வீதியில், கலியாண வீட்டில் பேச்சோடு பேச்சாக வந்த ஒரு வசனம் போதும்.

தெஹிவளை, ஆசிரியை

தங்கச்சி, அம்மா சொன்ன அந்த டீச்சிங்கைப் பற்றி நான் எழுதத்தான் வேண்டும். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும். ஆகவே இது வேலையே இல்லை என்று எங்கள் சனம் முடிவுகட்டி வைத்திருக்கிறது. “பொம்பிளைப் பிள்ளைக்கு நல்ல உத்தியோகம், ரெண்டு மணிக்கு வீட்டை வந்து சமைக்கலாம்” என்று என்னைக் கலியாணம் பேசி வந்தவர்கள் என் முன்னாலேயே சொன்னார்கள். நான் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு தவணைப் பரீட்சைக்கு விடைத்தாள் கட்டைத் திருத்தி முடிக்க இரவு பன்னிரண்டு தாண்டும்.

மனதை விட்டுப் போகாத ஒன்று இருக்கிறது. என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தா. மகன் என்னிடம் படித்து 38 இல் இருந்து 71 புள்ளிக்கு வந்திருந்தான். நன்றி எல்லாம் சொன்னா. போகும்போது கையைப் பிடித்து, “மிஸ், உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல கணக்குச் சேர் ஆரும் இருந்தா சொல்லுங்கோ, ரியூஷனுக்கு விடவேணும்” என்றா. கெட்ட மனம் கொண்டு கேட்கவில்லை. கணக்கு என்றால் சேர் என்றுதான் அவவுக்கு மனதில் பதிந்திருக்கிறது. வெள்ளவத்தைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ரியூஷன் போஸ்டர்களைப் பாருங்கள், கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் யாருடைய படம் இருக்கிறதென்று.

கொழும்பு 10, வைத்தியர்

சுருக்கமாக எழுதுகிறேன், இரவு டியூட்டி.

ஒரு ஐயாவை மூன்று நாளாகக் காலையும் மாலையும் பார்த்தேன். மருந்தை மாற்றியது நான், ஸ்கேனுக்கு அனுப்பியது நான். நாலாம் நாள் அவர் மகனுக்குப் போனில் சொல்வது கேட்டது. “ஒரு மிஸ் வந்து வந்து பாக்கிறா, டொக்டர் இன்னும் வரேல்லை.” எங்கள் வார்டில் ஒரு ஆண் தாதி இருக்கிறார். அவர் போனால் எல்லாக் கட்டிலிலிருந்தும் “டொக்டர், டொக்டர்” என்று கூப்பிடுவார்கள். அவர் ஒவ்வொரு தரமும் திருத்திச் சொல்வார், நல்ல மனிதர்.

தாதி என்று நினைத்ததில் எனக்குக் குறை இல்லை. அந்த வார்டை ஓடவைப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் டொக்டர் வரவில்லை என்று நினைக்கும் நோயாளி, நான் சொன்ன மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை. இதில் எனக்கிருக்கும் பயம் அதுதான்.

கொட்டாஞ்சேனை, ஹாட்வெயார் கடை

கொழும்பு 12 இல் பழைய சோனகத் தெருவுக்குச் சாமான் வாங்கப் போனவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். சுமை தூக்கும் நாட்டாமைகள் தள்ளும் கைவண்டிகள், பெயின்ட் வாளிகள், நடுத்தெருவில் நின்று பேரம் பேசுகிறவர்கள். அங்கே எங்கள் கடை அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. அவர் தவறிய பிறகு ஒன்பது வருடமாக நான் நடத்துகிறேன்.

வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “முதலாளி இல்லையா?” நான்தான் என்று சொன்னால் அடுத்த கேள்வி, “இல்ல, சாமானைப் பத்திப் பேச ஆள் இல்லையா?” கடையில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், ஒருவன் வந்து நாலு மாதம். அவனிடம் போய் விலை கேட்பார்கள், அவன் என்னிடம் வந்து கேட்பான், நான் சொல்வதை அவன் திருப்பிச் சொல்வான். மூன்று அடி தூரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு வியாபாரம்.

போன வருடம் ஒரு பாஸ், குழாய் வேலை செய்கிறவர், மேல் தாங்கியிலிருந்து இறங்கும் லைனுக்கு 600 டைப் குழாய் கேட்டார். அது அழுத்தம் உள்ள லைன், 1000 டைப் போடுங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை என்றேன். “தங்கச்சி, நீங்க பில்லை எழுதுங்க, வேலையை நாங்க பாத்துக்குறோம்” என்று சிரித்தார். மூன்று மாதத்தில் அந்த வீட்டுக்காரர் வெடித்த துண்டோடு கடைக்கு வந்து என் பையனைத் திட்டினார். பையன் என்னைப் பார்த்தான். நான் பில் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பில்லின் ஓரத்தில் “1000 சொல்லப்பட்டது, வாங்கவில்லை” என்று அன்றைக்கே எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். இப்போது எல்லாப் பில்லிலும் அப்படி எழுதி வைக்கிறேன். அப்பாவுக்கு இது தேவைப்படவில்லை. அவர் சொன்னால் கேட்டுக்கொண்டு போவார்கள்.

ஹட்டன், இப்போது வெள்ளவத்தையில் வாடகைக்கு

அக்காமாரே, நான் சொல்லப்போவது கொஞ்சம் வேறு மாதிரி.

நான் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தோழிகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்திருக்கிறோம். ஒருநாள் காலை லிப்டில் ஒரு அன்ரி சிரித்து, ஊர் எது என்று கேட்டார். ஹட்டன் என்றேன். உடனே, “எந்த வீட்டில வேலைக்கு நிக்கிறீர் பிள்ளை?” என்றார். தோளில் லெப்டொப் பை, கழுத்தில் ஒஃபிஸ் கார்ட். அது எதுவும் அவர் கண்ணில் படவில்லை, ஹட்டன் என்ற சொல் போதுமாக இருந்தது. நான் பதில் சொல்வதற்குள், “பின்னேரத்தில வந்து எங்கட வீட்டையும் ஒருக்காக் கூட்டித் துடைச்சு விடுவீரோ” என்று கேட்டும் விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த அழுகை எதற்கு என்று அப்புறம் யோசித்தேன். எங்கள் சித்தி பதினாலு வயதில் பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தவர். அவர் அனுப்பிய காசில்தான் நான் படித்தேன். அந்த வேலையை யாரும் கேவலமாக நினைப்பதை நான் ஏற்கமாட்டேன். மலையகத்துப் பெண் கொழும்புக்கு வந்தால் அவளுக்கு அது ஒன்றுதான் வேலை என்று முடிவு செய்கிறார்களே, அதுதான் சுடுகிறது. ஹட்டன் பையன் ஒருவன் அதே லிப்டில் நின்றிருந்தால், எந்தக் கடையில் வேலை என்றாவது கேட்டிருப்பார்கள். எந்த வீட்டில் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். தோட்டத்தில் கொழுந்து மலை முழுக்கப் பெண்கள், நிறுத்துக் கணக்குப் போடுகிறவர் ஆண். மழையில் அட்டைக் கடியோடு நிற்பது ஒருவர், புத்தகத்தில் கிலோ எழுதுவது இன்னொருவர். 1984 வரைக்கும் பெண்ணுக்கு நாள் சம்பளமே ஆணை விடக் குறைவு. பாட்டி அதை ஒரு கதை மாதிரிச் சொல்வார். நான் இன்றைக்குக் கம்பனிகளின் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்க்கிறேன். அது பாட்டிக்கு எவ்வளவு பெரிய சந்தோசம் என்று அந்த அன்ரிக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. நாலாம் மாடி வந்துவிட்டது, அவர் இறங்கிவிட்டார்.

கொழும்பு 3, ஹோட்டல் ரெஸ்டோரன்ட்

ஹோட்டலில் வேலை என்று சொன்னாலே எங்கள் சொந்தத்தில் குரல் தணிந்துவிடும். “இரவிலயும் நிக்கவேணுமோ?” அண்ணாவும் ஹோட்டல்தான், சமையல்கட்டில் செஃப். அவரை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள்.

இதற்குப் பின்னால் சட்டமும் நின்றது. மது விற்கும் இடத்தில் பெண்ணை வேலைக்கு வைக்க மதுவரி ஆணையாளரின் அனுமதி வேண்டும் என்று 1979 இல் வர்த்தமானி போட்டார்கள். பெண் மது வாங்கவும் தடை. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அந்த மாற்றத்தைத் திரும்பப்பெறச் சொன்னார். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, “பாத்தியா, சட்டமே சொல்லுது இது பொம்பிளையளுக்குரிய இடமில்லை எண்டு” என்றார். நான் குடிக்கிறவளும் இல்லை, குடி விற்கவேண்டும் என்று ஆசைப்பட்டவளும் இல்லை. உணவுப் பகுதி மனேஜராக வரவேண்டும் என்பதுதான் என் கனவு. அந்தப் பகுதியில் பானம் பரிமாறத் தெரியாமல் மேலே போக முடியாது.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

எல்லாவற்றையும் வாசித்தேன், பிள்ளைகள். மனவருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 1960 இலேயே உலகத்தின் முதல் பெண் பிரதமரைத் தந்த நாடு இது. சிறிமாவோ, பிறகு சந்திரிகா, இப்போது ஹரிணி. நாங்கள் அவ்வளவு பின்தங்கியவர்களா?

வெள்ளவத்தை, சைட் என்ஜினியர்

ஐயா, நல்ல மனதோடு கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். சிறிமாவோவுக்கும் முன்னால் போங்கள். 1932 இல் கொழும்பு வடக்கில் இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனவர் நேசம் சரவணமுத்து, ஒரு தமிழ்ப் பெண். அது எங்கள் நகரத்துக் கதை, எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் நின்றது கணவர் இழந்த இடத்துக்கு. சிறிமாவோ வந்தது கணவர் கொலையான பிறகு. அவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு வீட்டுப் பெயருக்குப் பின்னால் வரும் பெண்ணுக்கு எங்கள் சனம் வாக்குப் போடும். தன் படிப்போடு தனியாக கேட்டடியில் நிற்கும் பெண்ணிடம் ரசீதைக் கொடுக்கத் தயங்கும். பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் மாணவிகள். வேலைச் சந்தையில் இருப்பதோ பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நடுவில் உள்ளவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால், எங்கள் அம்மா சொன்னது மாதிரியான வசனங்களும் அதில் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மட்டக்குளி, ஒரு தகப்பன்

எழுதுவோமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க நேர்முகத்துக்குப் போயிருந்தோம். படிவம் நிரப்பியவர் என்னிடம் தொழில் கேட்டார், கணக்காளர் என்றேன், எழுதினார். அடுத்த வரி தாயின் தொழில். பேனா நிற்கவேயில்லை, அதே வேகத்தில் “வீட்டுப் பணி” என்று எழுதிக்கொண்டு போனார். என் மனைவி பக்கத்துக் கதிரையில் இருக்கிறா. பன்னிரண்டு வருடமாக மருந்தாளராக வேலை செய்கிறா, அன்றைக்கு அரைநாள் லீவு போட்டு வந்தவ.

நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். பள்ளிக்கூடம் கிடைக்கவேண்டும், இந்த நேரத்தில் ஏன் அவரைத் திருத்துவான் என்று நினைத்தேன். மனைவிதான் மெல்லச் சொன்னா, “நான் மருந்தாளர், ஐயா.” அவர் ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே இடமில்லாமல் சின்ன எழுத்தில் எழுதினார்.

அந்தப் படிவத்தின் பிரதி எங்கள் அலமாரியில் இருக்கிறது. நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று மனைவி இதுவரைக்கும் என்னைக் கேட்டதில்லை. இன்றைக்கு இரவு அவ வேலையால் வந்ததும் இதை வாசிக்கக் கொடுக்கப்போகிறேன்.