‘நெவர்’ போட்ட பிறகும் காலையில் டேட்டா காலி: உபுண்டு தானாக அப்டேட் எடுப்பதை எப்படி நிறுத்துவது?

நகலகம்:

எல்லாருக்கும் வணக்கம். வேதாரண்யம் பக்கத்துல ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் போடுற கடை வச்சிருக்கேன். ஒரே ஒரு டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். அக்கா பையன் சென்னைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான உபுண்டு 22.04 போட்டுக் கொடுத்துட்டுப் போனான். அதுக்கப்புறம் ஊர்ப் பிள்ளைங்க கொண்டு வர்ற பென் டிரைவைப் பார்த்து நான் பயந்தது இல்ல. இதை விட்டு மாறுற எண்ணமும் இல்ல.

சிக்கல் நெட்டுலதான். எங்க தெருவுக்கு கேபிள் இன்னும் வரல. சிம் போட்ட டாங்கிள் ஒண்ணு மேசை மேல இருக்கும், அதுலேர்ந்து வைஃபை. ஒரு நாளைக்கு 2 ஜிபி. அது தீர்ந்தா வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கிடும். அந்த வேகத்துல விண்ணப்பப் பக்கத்துல இருக்கிற கேப்ட்சா படம்கூட வராது. மறுபடி ராத்திரி 12 மணிக்குத்தான் புது 2 ஜிபி.

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் அன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். தீபாவளிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு, ஒரு வாரம் கழிச்சு அன்னைக்குத்தான் கடையைத் திறந்தேன். எட்டரை மணிக்கே வாசல்ல பதினாலு பேரு. எல்லார் கையிலயும் மஞ்சப்பை, அதுக்குள்ள சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல். ஒன்பது பேருக்குப் போட்டு முடிச்சேன். பத்தாவது ஆளுக்குப் பாஸ்புக்கை ஏத்தும்போது வட்டம் சுத்துது, சுத்துது, நிக்கவே இல்ல. டாங்கிள் பக்கத்தைத் திறந்து பார்த்தா 2 ஜிபியும் போயிருக்கு. ஒன்பது விண்ணப்பத்துக்கு 100 எம்பிகூட ஆகாது. மீதி அஞ்சு பேருல நாலு பேரு பஸ் ஏறி டவுனுக்குப் போயிட்டாங்க. ஒரு பெரியவருக்குக் கால் முடியாது. அவரை என் வண்டியில வச்சு டவுன்ல இருக்கிற வேற சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ரசீது கைக்கு வந்துச்சு. வராம போயிருந்தா அவரோட மூணு மா நிலத்துக்கு இந்த வருஷம் காப்பீடே கிடையாது.

மறுநாள் ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ திறந்து, ‘அப்டேட்ஸ்’ பக்கத்துல தானா தேடுறதுக்கு ‘நெவர்’னு மாத்திட்டேன். அப்டேட் வந்திருக்குன்னு எட்டிப் பார்க்கிற சன்னல் அதோட நின்னுடுச்சு. ஆனா இன்னைக்குக் காலையில ‘சிஸ்டம் மானிட்டர்’ திறந்து வச்சுப் பார்த்தேன். ஃபயர்பாக்ஸை நான் தொடவே இல்ல, நெட்வொர்க் கோடு மேல ஏறிப் பத்து நிமிஷம் அப்படியே நிக்குது. 600 எம்பிக்கு மேல போயிடுச்சு. ‘நெவர்’னு சொன்ன பிறகும் எது எடுக்குது? அதை எங்க நிறுத்தணும்? கட்டளை தட்டுற டெர்மினல் எனக்குப் பழக்கம் இல்ல, சொன்னா தட்டுவேன்.

தென்னங்கீற்று:

அக்கா, நீங்க அடைச்சது ஒரு மடையை. உபுண்டுல அப்டேட் வர்ற மடை மூணு இருக்கு.

முதல் மடை ஏபிடி. பழைய முறைப் பொதிகள், அதாவது மென்பொருள் பொட்டலங்கள், எல்லாம் இது வழியா வரும். ‘நெவர்’ போட்டது இதைத்தான், சரியாத்தான் போட்டிருக்கீங்க. அது உள்ளே ‘20ஆட்டோ-அப்கிரேட்ஸ்’னு ஒரு கோப்புல 1னு இருந்ததை 0 ஆக்கும். தினசரி எழுப்பி விடுற டைமர் இன்னும் ஓடும். ஆனா எழுந்து பார்த்து, 0 இருந்தா பேசாம படுத்துடும். அதனால டைமரைத் தனியா நிறுத்தத் தேவையில்ல. காப்பீட்டு நாள் அன்னைக்கு இதுவும் ஓடியிருக்கும். கம்ப்யூட்டர் அணைஞ்சிருந்தப்ப தவறிப்போன வேலையை, சுவிட்ச் போட்டதும் செய்யற மாதிரிதான் அந்த டைமரை அமைச்சிருக்காங்க. ஒரு வாரம் பூட்டியிருந்த கடைன்னா ஒரு வாரத்துப் பாக்கி மொத்தமும் வரும்.

ரெண்டாவது மடை ஸ்நாப், மென்பொருளைப் பொட்டலமாக் கொண்டு வர்ற புது முறை. இன்னைக்கு உங்க 600 எம்பியைக் குடிச்சது இதுதான்னு நினைக்கிறேன். 22.04 வெளிவந்தப்பவே ஃபயர்பாக்ஸை ஸ்நாப் வடிவத்துக்கு மாத்திட்டாங்க. ஸ்நாப்புக்குன்னு தனியா ஒரு வேலையாள் பின்னாடி உட்கார்ந்திருக்கான். ஒரு நாளைக்கு நாலு தடவை தேடுவான், கிடைச்சதை உங்களைக் கேட்காமலே இறக்குவான். ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ல என்ன மாத்தினாலும் அவனுக்குத் தெரியாது. ஃபயர்பாக்ஸ் மட்டுமே 200 எம்பிக்கு மேல. அதோட துணைக்கு வர்ற கினோம் ஸ்நாப்பும் சேர்ந்தா எங்கேயோ போயிடும்.

மூணாவது, ஆரஞ்சு நிறப் பை மாதிரி இருக்கிற மென்பொருள் கடை. அது பெரும்பாலும் ஸ்நாப்பையே நம்பி இருக்கு, உங்க கணக்குக்கு அது பெரிசு இல்ல.

முதல்ல சந்தேகத்தைத் தீர்த்துக்குவோம். நாளைக்குக் காலையில கோடு ஏறும்போது டெர்மினலைத் திறந்து ‘ஸ்நாப்’, ஒரு இடைவெளி, ‘சேஞ்சஸ்’னு ஆங்கிலத்துல சின்ன எழுத்தா தட்டி என்டர் கொடுங்க. என்ன வருதுன்னு இங்க சொல்லுங்க. இன்னொண்ணு, உங்க நெட் போன் ஹாட்ஸ்பாட்டா, தனி டாங்கிளா?

நகலகம்:

தம்பி, தனி டாங்கிள்தான், போன் இல்ல. நீங்க சொன்னதைக் காலையில தட்டினேன். கடைசி வரியில 8.52 மணி போட்டு ‘ஆட்டோ-ரெஃப்ரெஷ்’னு இருக்கு, பக்கத்துல ஃபயர்பாக்ஸ் பேரு. நேத்தே 600 போயிருக்கே, இன்னைக்கும் எடுக்குதே, ஏன்?

தென்னங்கீற்று:

நேத்து வேற ஸ்நாப்புகள் வந்திருக்கும், ஃபயர்பாக்ஸ் திறந்திருந்ததால அது தள்ளிப் போயிருக்கும். திறந்திருக்கிற நிரலை ஸ்நாப் உடனே மாத்தாது. ‘மூடுங்க, இத்தனை நாள்தான் பாக்கி’ன்னு சின்ன அறிவிப்பு ஒண்ணு மேல வரும், பார்த்திருப்பீங்க.

நிறுத்துற கட்டளை இது. போன்ல சொல்ற மாதிரி சொல்றேன், அப்படியே தட்டுங்க: ‘சூடோ’, இடைவெளி, ‘ஸ்நாப்’, இடைவெளி, ‘ரெஃப்ரெஷ்’, இடைவெளி, ரெண்டு சின்னக் கோடு, அதை ஒட்டியே ‘ஹோல்ட்’. கோட்டுக்கும் ஹோல்டுக்கும் நடுவுல இடைவெளி விடக் கூடாது. கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில ஒண்ணும் தெரியாது, தட்டி முடிச்சு என்டர் கொடுங்க. இதுக்கு அந்த ஸ்நாப் வேலையாள், அதாவது ஸ்நாப்டி, 2.58 அல்லது அதுக்கு மேல வேணும், உங்ககிட்ட கண்டிப்பா இருக்கும். இனிமே தானா எதுவும் இறங்காது, நீங்களா கேட்டா இறங்கும். பழையபடி வேணும்னா அதே கட்டளையில ஹோல்டுக்குப் பதிலா ‘அன்ஹோல்ட்’.

டாங்கிளான்னு கேட்டதுக்குக் காரணம் இருக்கு. ஆண்ட்ராய்டு போன் ஹாட்ஸ்பாட்டா இருந்தா, ‘நான் அளவு போட்ட இணைப்பு’ன்னு போனே கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லிடும். டாங்கிள் பெரும்பாலும் அப்படிச் சொல்றது இல்ல. வீட்டு பிராட்பேண்ட் மாதிரி அளவே இல்லாததுன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். அதனால நாமளே சொல்லணும். ‘செட்டிங்ஸ்’ல ‘வைஃபை’, உங்க இணைப்புப் பேருக்குப் பக்கத்துல பல்சக்கரம். ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தோட அடியில ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடுங்க. பெரிய இறக்கங்கள் தானா தொடங்காதுன்னு அங்கேயே எழுதியிருப்பாங்க. ஸ்நாப் இந்தக் கட்டத்தைத் தானா மதிக்காது, அதனாலதான் மேல சொன்ன கட்டளை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தம்பி சொன்ன வழி சரி. ஆனால் அம்மா, அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

உங்கள் கணினியில் இருப்பது உங்கள் பொருள் மட்டும் இல்லை. ஊர் முழுவதின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் ‘டவுன்லோட்ஸ்’ உறைக்குள் கிடக்கும். எத்தனையோ நகல் கடைகளில் நான் பார்த்திருக்கிறேன், யாரும் அழிப்பதில்லை. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களை ஃபயர்பாக்ஸில்தான் திறப்பீர்கள். 2023 செப்டம்பரில், வெப்பி என்ற பட வடிவத்தைப் படிக்கும் நிரல்நூலகத்தில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடித்தார்கள். சூழ்ச்சியாகச் செய்த ஒரு படத்தை உலாவி காட்டினாலே ஆபத்து என்ற நிலை. அதைப் பயன்படுத்தித் தாக்குதலும் நடந்துகொண்டிருந்தது. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. அந்த வாரத்தில் ‘ஹோல்ட்’ போட்டுவிட்டு மறந்த கடையில் அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்திருக்காது.

ஆகவே கடை வேலை நேரத்தில் தானாக எதுவும் வேண்டாம், முழுச் சம்மதம். அதற்கு ஈடாக வாரம் ஒரு நாள் நீங்களே செய்யுங்கள். ஞாயிறு இரவு பத்து மணி நல்ல நேரம். ராத்திரி 12 மணிக்கு எப்படியும் காலாவதியாகப் போகும் டேட்டா டாங்கிளில் மிச்சம் இருக்குமே, அதையே பயன்படுத்தலாம். முதலில் ‘சாஃப்ட்வேர் அப்டேட்டர்’ திறந்தால் அதுவே போய்த் தேடும், எத்தனை எம்பி இறங்கும் என்று காட்டும், மிச்சத்தோடு ஒப்பிட்டுவிட்டு ‘இன்ஸ்டால் நவ்’ கொடுங்கள். பிறகு ஃபயர்பாக்ஸை மூடிவிட்டு டெர்மினலில் ‘சூடோ ஸ்நாப் ரெஃப்ரெஷ்’. ஹோல்ட் போட்டிருந்தாலும் நாமே கேட்டால் வரும்.

22.04க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஏப்ரல் வரைதான். அதற்குள் உங்கள் அக்கா மகனை ஒரு முறை ஊருக்கு வரச் சொல்லி அடுத்த பதிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வரும்போது அந்த ‘டவுன்லோட்ஸ்’ உறையையும் காலிசெய்யச் சொல்லுங்கள்.

புதினா இலை:

உபுண்டுவுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் போட்டா ஸ்நாப் தொல்லையே இல்ல, 2020ல வந்த மிண்ட் 20லேர்ந்து அதை அவங்க சேர்க்கிறது இல்ல. அப்டேட் மேனேஜர் வந்திருக்குன்னு மட்டும் சொல்லும், நாம கொடுத்தாத்தான் இறக்கும். ஆனா விண்ணப்ப சீசன் முடியற வரைக்கும் எதையும் மாத்தாதீங்க. பிரிண்டர், ஸ்கேனர் எல்லாம் மறுபடி அமைக்கணும், ஒரு நாள் போயிடும்.

நகலகம்:

ஐயா, நீங்க சொன்னதைப் படிச்சதும் போய் ‘டவுன்லோட்ஸ்’ பார்த்தேன். 1,300க்கு மேல கோப்பு இருக்கு. மூணு வருஷத்து ஆதாரும் அதுலதான். எனக்குத் தோணவே இல்ல. இன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து அழிக்கிறேன்.

இன்னொரு கேள்வி. அப்டேட் ஓடும்போது அவசரம்னா டாங்கிளைப் பிடுங்கலாமா? ஒரு தடவை சுவிட்சையே அணைச்சிருக்கேன். அதுக்கப்புறம் பிரிண்டர் டிரைவர் போடப் போனப்ப ‘டிபிகேஜி பாதியில் நின்றது’ன்னு சிவப்பா ஏதோ வந்துச்சு, அக்கா பையன் போன்லயே சரி பண்ணினான்.

தென்னங்கீற்று:

ரெண்டும் வேற வேற அக்கா. இறங்கிட்டிருக்கும்போது டாங்கிளைப் பிடுங்கினா ஒண்ணும் ஆகாது, அடுத்த தடவை மீதி வரும். இறங்கி முடிஞ்சு உள்ளே பதியற நேரத்துல மின்சாரத்தை மட்டும் நிறுத்தவே கூடாது. அப்ப பாதிப் பொதி பழசும் பாதி புதுசுமா நின்னுடும். உங்களுக்கு நடந்தது அதுதான். இயங்குதளத்தோட மையமான கர்னல் பதியும்போது நடந்தா கம்ப்யூட்டர் எழுந்திருக்காமலே போகலாம்.

மறுபடி அந்தச் சிவப்பு வரி வந்தா இதைத் தட்டுங்க: ‘சூடோ’, இடைவெளி, ‘டிபிகேஜி’, இடைவெளி, ரெண்டு கோடு ஒட்டி ‘கான்ஃபிகர்’, இடைவெளி, ஒரு கோடு ஒட்டி ‘ஏ’. விட்ட இடத்துலேர்ந்து முடிச்சு வைக்கும். ‘பூட்டு கிடைக்கவில்லை’ன்னு வந்தா அது பிழை இல்ல, வேற ஒரு அப்டேட் வேலை நடக்குதுன்னு அர்த்தம். காத்திருங்க. அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லி யாராவது எழுதியிருந்தா செய்யாதீங்க.

யுபிஎஸ் இருக்கா? உங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகையில கரண்ட் எப்படின்னு உங்களுக்கே தெரியும். இல்லைன்னா மழை இல்லாத ராத்திரியாப் பார்த்து அப்டேட் போடுங்க.

நகலகம்:

எல்லாருக்கும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். ஹோல்ட் போட்டாச்சு. டாங்கிள் இணைப்புல அந்தக் கட்டத்துல டிக்கும் போட்டாச்சு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கடையை உள்பக்கம் தாழ் போட்டுட்டு உட்கார்ந்தேன். யுபிஎஸ் பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும், அதனால முதல்ல வானத்தைப் பார்த்தேன், நட்சத்திரம் இருந்துச்சு. டாங்கிள்ல மிச்சம் 1.1 ஜிபி. அப்டேட்டர் 412 எம்பி கேட்டுச்சு, கொடுத்தேன். முடிஞ்சதும் ஃபயர்பாக்ஸை மூடிட்டு ஸ்நாப் கட்டளை. எல்லாம் சேர்ந்து பதினொண்ணு இருபதுக்கு முடிஞ்சுது. ஒரு தடவை அணைச்சுப் போட்டேன், பிரிண்டர் வேலை செய்யுதான்னு ஒரு தாள் எடுத்துப் பார்த்துட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலையில சிஸ்டம் மானிட்டரைத் திறந்து வச்சுட்டே வேலை பார்த்தேன். கோடு அடியிலயே படுத்திருக்கு. பத்து மணி வரைக்கும் மொத்தம் 38 எம்பி, எல்லாம் நான் திறந்த பக்கங்கள்தான். நாள்காட்டியில மார்ச் வரைக்கும் ஞாயித்துக்கிழமை எல்லாத்துலயும் ‘அப்டேட்’னு எழுதி வச்சிருக்கேன். விண்ணப்பம் முடிஞ்சதும் ரசீதைக் கையில கொடுத்துட்டு, அவங்க முன்னாடியே கோப்பை அழிக்கிறேன்.

வண்டியில கூட்டிட்டுப் போனேனே, அந்தப் பெரியவர் இன்னைக்கு வந்திருந்தார், பேத்திக்கு உதவித்தொகை விண்ணப்பம். அவர் பக்கத்து ஸ்டூல்ல உட்கார்ந்திருக்க, பதினோரு நிமிஷத்துல போட்டு முடிச்சேன்.