ராஸ்பெரி பை 5-க்கு ஃபேன் வீண் செலவா? "62 டிகிரி" என்று எழுதியவர் பதில் சொல்லட்டும்

வெயில்வேலூர்:

ராஸ்பெரி பை என்ற கையளவு கணினிப் பலகையை வைத்து மூடும் பெட்டி, அதாவது கேஸ், எது வாங்கலாம் என்று ஒருவர் கேட்டதற்கு அமைதிப்பெட்டி போன வாரம் இப்படி எழுதியிருந்தார்: "ராஸ்பெரி பை 5-க்கு ஃபேன் வைத்த கேஸ் வீண் செலவு. ஃபேன் இல்லாத அலுமினிய கேஸ் போதும். சிப்பின் நான்கு கோரையும் அரை மணி நேரம் முழுதாக ஓட்டிப் பார்த்தேன், 62 டிகிரியைத் தாண்டவில்லை."

இதை நம்பி நானும் அதேபோல் ஒன்று வாங்கினேன். வேலூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். கடையின் நான்கு கேமராப் பதிவையும் ஒரு பை 5 பார்த்துக்கொள்கிறது. இருப்பது பரண்மேல், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மூன்றடி கீழே. மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்தால் சிப் 84 டிகிரி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது 1.5-இல் நிற்கிறது. கல்லாப் பக்கம் என்ன நடந்தது என்று ஒரு நாள் தேடினேன், ஏழு நிமிடத்துக்குப் பதிவே இல்லை.

கேட்பது ஒன்றுதான். அந்த 62 டிகிரி எடுத்தபோது அறையில் எத்தனை டிகிரி?

அமைதிப்பெட்டி:

நான் அளந்ததைத்தான் எழுதினேன். மீட்டர் காட்டியது 62. கூரைக்கு அடியில் கொண்டுபோய் வையுங்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை. படுக்கையறையில் இரவில் பாட்டு கேட்க வைத்திருக்கிறேன், சின்ன ஃபேன் போடும் கீச் சத்தம் எனக்கு ஆகாது. 80 டிகிரிக்கு மேல் வேகத்தைக் குறைத்துக்கொள்வது அந்த சிப்பின் பாதுகாப்பு ஏற்பாடு. அது வேலை செய்கிறதே என்று நிம்மதியாக இருங்கள்.

வெயில்வேலூர்:

நிம்மதி இருக்கட்டும். அறையில் எத்தனை டிகிரி?

பனியன்நூல்:

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். நான் அமைதிப்பெட்டி பக்கம். எங்கள் யூனிட்டில் தையல் லைன் கணக்குக் காட்டும் திரைகளுக்குப் பின்னால் ஆறு பை ஓடுகிறது. முதலில் ஃபேன் வைத்த கேஸ்தான் போட்டோம். மூன்றே வாரத்தில் ஃபேன் இறக்கையில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்துவிட்டது. ஹீட் சிங்க் (சிப்பின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) பற்களுக்கு நடுவில் காற்றுப் போக வழியே இல்லை. இரண்டு ஃபேன் சுற்றுவதையே நிறுத்திவிட்டன. நின்றுபோன ஃபேன் உள்ள பிளாஸ்டிக் கேஸ் சும்மா மூடி வைத்த டப்பாதான். இப்போது எல்லாமே கட்டி அலுமினியம். மாதம் ஒருமுறை துணியால் துடைப்போம், அவ்வளவுதான் பராமரிப்பு.

வெயில்வேலூர்:

அண்ணா, உங்கள் ஆறும் பை 5-ஆ, முந்தைய மாடலான பை 4-ஆ? பை 4 உச்சத்தில் 8 வாட் வரை இழுக்கும். பை 5 ஏறத்தாழ 12 வாட் என்று 2023-இல் வெளியிட்டபோதே ராஸ்பெரி பை நிறுவனத்தாரே சொன்னார்கள். கணக்குத் திரை காட்டுவதும் நான்கு கேமராவை ஓட்டுவதும் ஒன்றா?

பனியன்நூல்:

நான்கு பை 4, இரண்டு பை 5. பஞ்சுக்கு 4, 5 வித்தியாசம் தெரியாது.

வெயில்வேலூர்:

சரி, பஞ்சு உங்கள் யூனிட் பிரச்சினை, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் திரி (விவாதம்) பஞ்சைப் பற்றியது இல்லை. ஒருவர் "போதும்" என்று எல்லாருக்குமாகத் தீர்ப்பு எழுதியதைப் பற்றியது.

கேஸ் என்ன செய்கிறது என்று யோசியுங்கள். சிப் எப்போதும் அறையைவிட இத்தனை டிகிரி சூடாக இருக்கும் என்று ஒரு இடைவெளி உண்டு. கேஸ் நல்லதாக இருந்தால் அந்த இடைவெளி குறையும். எவ்வளவு நல்ல கட்டி அலுமினியமானாலும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராகப் போகவே முடியாது. ஆகவே 62 என்று மட்டும் எழுதுவது, பஸ் ஏறிய ஊரைச் சொல்லாமல் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்வது போல. அறை எவ்வளவு?

சாலிடர்மணி:

தம்பிகளா, இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். முழுக்க உலோகமான கேஸில் வைஃபை என்ன ஆகும்? பை பலகையில் ஆண்டெனா தனிக் குச்சி கிடையாது. பலகையிலேயே செம்பை வெட்டி உருவாக்கியது, உலோக ஊசி வரிசையின் ஓரம் ஒரு மூலையில் இருக்கிறது. அதைச் சுற்றி உலோகத்தை வைத்து மூடினால் சிக்னல் குறையும். மேல்மூடியோ ஒரு பக்கமோ பிளாஸ்டிக்காக விட்டிருக்கும் கேஸாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அமைதிப்பெட்டி:

என்னுடையதில் வைஃபை நன்றாகவே வருகிறது.

சாலிடர்மணி:

ரூட்டர் அதே அறையில் இருந்தால் எல்லாருக்கும் நன்றாகத்தான் வரும்.

வெயில்வேலூர்:

மணி அண்ணா, என்னுடையது கம்பி இணைப்பு, வைஃபை வேண்டியதில்லை. தயவுசெய்து திசை திருப்ப வேண்டாம். அமைதிப்பெட்டி நான்காவது முறையும் பதில் சொல்லாமல் தப்பிப்பதற்கு நாமே வழி செய்துகொடுக்கிறோம்.

அமைதிப்பெட்டி:

தப்பிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இப்போது நான் கேட்கிறேன். சிப்புக்கும் கேஸுக்கும் நடுவில் வைக்கும் தெர்மல் பேடின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? ஃபேன் இல்லாத கேஸ் சுடுகிறது என்று வருகிறவர்களில் பலர் அதை உரிக்காதவர்கள்தான். கேஸின் உள்ளே இறங்கி வரும் அலுமினியத் தூண் சிப்பின்மேல் அழுந்துகிறதா என்றாவது பார்த்தீர்களா? நான்கு திருகையும் முழுதாக முடுக்காவிட்டால் நடுவில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

வெயில்வேலூர்:

22 வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறவனிடம் பேட் தாளை உரித்தாயா என்று கேட்கிறீர்கள். உரித்தேன். திருகு முடுக்கினேன். கழற்றிப் பார்த்தேன், பேடில் சிப்பின் அச்சு சதுரமாகப் பதிந்திருக்கிறது. கேஸைத் தொட்டால் கை சுடுகிறது. வெப்பம் சிப்பிலிருந்து கேஸுக்கு ஒழுங்காக வருகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அங்கிருந்து காற்றுக்குப் போகத்தான் வழியில்லை, ஏனென்றால் பரணில் காற்றே 42 டிகிரி. நான் என் அறை வெப்பத்தைச் சொல்லிவிட்டேன். உங்களுடையது?

தமிழ்க்கம்பி:

ஒரு வேண்டுகோள். "கேஸ்" என்று எழுதினால் நீதிமன்ற வழக்கா, சமையல் எரிவாயுவா என்று புதியவர்கள் குழம்புவார்கள். "கூடு" என்ற அழகான சொல் இருக்கிறதே.

சாலிடர்மணி:

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் போய் "பைக்குக் கூடு கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள், பறவைக் கூண்டு விற்கும் கடைக்கு வழி காட்டுவார்கள்.

தமிழ்க்கம்பி:

கடைக்காரருக்குத் தெரியாது என்பதற்காக மொழியை விட்டுவிட முடியாது. சிப்பிக்கு ஓடு, பறவைக்குக் கூடு, பலகைக்கு ஏன் இருக்கக் கூடாது?

வெயில்வேலூர்:

இதற்குத் தனித் திரி தொடங்குங்கள் ஐயா. அறை வெப்பநிலை இன்னும் வரவில்லை.

தட்டான்:

அண்ணா, கல்லூரி மாணவன். என்னிடம் இருப்பது பை 4, 4 ஜிபி. விடுதி அறையில் ஏசி கிடையாது. பட்ஜெட் எண்ணூறு ரூபாய். எது வாங்கலாம்?

அமைதிப்பெட்டி:

ஏசி அறை. 24-இல் வைத்திருப்பேன். போதுமா? இதற்காகவா இத்தனை அமர்க்களம்? கோவையில் என் சொந்த வீட்டில் நான் ஏசி போட்டுக்கொள்வது குற்றமா?

அப்புறம், நீங்களே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 62-இல் 24 போனால் 38. அறை 38 டிகிரியானாலும் 76தான் வரும். 80-க்குக் கீழே. ஆக ஏசி இல்லாத வீட்டுக்கும் போதும். நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

வெயில்வேலூர்:

வந்துவிட்டது. 24. ஏசி. இதை முதல் நாளே எழுதியிருந்தால் நான் அந்தக் கேஸை வாங்கியிருக்க மாட்டேன்.

கணக்கும் தவறு. சூடு ஏற ஏற சிப் அதே வேலைக்கே கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் கசிய விடும், இடைவெளியும் அதற்கேற்ப விரியும். 38-ஐ அப்படியே தூக்கி வைக்க முடியாது. வைத்தாலும் என் பரணில் 42-உடன் 38 சேர்ந்தால் 80. வேகம் குறையத் தொடங்குவதே 80-இல்தான், 85 வந்தால் இன்னும் அழுத்திப் பிடிக்கும். எனக்கு வந்தது 84. உங்கள் எண்ணே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

எங்கள் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியே நிழலிலேயே 40 தாண்டும். இந்த நாட்டில் பை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதை 24 டிகிரி அறையில் வைக்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில், கடையில், மோட்டார் ஷெட்டில், மாட்டுக்கொட்டகையில் வைக்கிறார்கள். அவர்களிடம் போய் ஃபேன் வீண் செலவு என்று சொல்லக் கூடாது. பை 5-க்கென்றே அந்த நிறுவனத்தார் விற்கிற ஆக்டிவ் கூலரின் விலை 2023-இல் வெளியிட்டபோது 5 டாலர். அலுமினிய ஹீட் சிங்க், பக்கவாட்டில் ஊதும் ஃபேன், பலகையின் இரண்டு துளையில் ஸ்பிரிங் ஊசி வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும். பலகையிலேயே ஃபேனுக்கு என்று நான்கு முனை இணைப்பு வைத்திருக்கிறார்கள். 4-இல் அது இல்லை. தேவை இல்லாமலா 5-இல் வைத்தார்கள்?

அமைதிப்பெட்டி:

இணைப்பு வைத்திருப்பதால் எல்லாரும் மாட்ட வேண்டும் என்று அர்த்தமா? கேமரா இணைப்பும்தான் இரண்டு இருக்கிறது.

சாலிடர்மணி:

ஃபேனே போட்டாலும் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். பை 4-இன் அதிகாரபூர்வ கேஸுக்கு 2020 கடைசியில் வந்த ஃபேன், யுஎஸ்பி பக்கத்திலிருந்து காற்றை இழுத்து மெமரி கார்டு துளை வழியாக வெளியேற்றும். 5-இன் கேஸில் மூடிக்குக் கீழே சுற்றிலும் உள்ள இடுக்கு வழியாக இழுத்து சிப்பின்மேல் ஊதும். மலிவான கேஸ்களில் பலபேர் ஃபேனைத் தலைகீழாக மாட்டிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள்.

வெயில்வேலூர்:

அண்ணா, நல்ல தகவல், ஆனால் அதுவும் வேறு பேச்சு.

பனியன்நூல்:

வேலூர்காரரே, ஒரு கேள்வி. அந்த ஆக்டிவ் கூலர் ஃபேன் 50 டிகிரியில் மெதுவாகத் தொடங்கி, 60, 67.5 என்று ஏறி, 75-இல் முழு வேகம் எடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். 42 டிகிரி பரணில் அது 50-க்குக் கீழே இறங்கவே இறங்காது. இருபத்துநான்கு மணி நேரமும் சுற்றும். கடைத்தெரு தூசியையும் இழுத்துக்கொண்டே சுற்றும். ஒரு வருடம் கழித்து இங்கே வந்து என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பையைப் பரணிலிருந்து கீழே இறக்கி வையுங்கள். பைசா செலவில்லை.

வெயில்வேலூர்:

கீழே வைத்தால் பதிவுப்பெட்டியைத் திருடனே தூக்கிக்கொண்டு போவான். கேமரா வைத்ததே அதற்காக.

தூசிக்கு மாதம் ஒருமுறை பிரஷ் போடுவேன். மோட்டாருக்குச் செய்கிறேன், இதற்குச் செய்ய மாட்டேனா?

அமைதிப்பெட்டியிடம் எனக்கு இது முதல் முறை இல்லை. கேபிள் திரியிலும் இதேதான். பை 4-க்கு எந்த டைப்-சி கேபிளும் போதும் என்று அடித்துச் சொன்னார். 2019-இல் வந்த முதல் பலகைகளில் ஒரு மின்தடை குறைவாக இருந்ததால், உள்ளே சிப் வைத்த கேபிள்கள் அதை வேறு சாதனம் என்று நினைத்து மின்சாரமே கொடுக்காது. அவர்களே ஒப்புக்கொண்டு அடுத்த பலகையில் சரிசெய்தார்கள். நான் எடுத்துக் காட்டியபோதும் இவர் "என்னிடம் வேலை செய்கிறது" என்றார். அங்கேயும் "என்னிடம்", இங்கேயும் "என்னிடம்".

அமைதிப்பெட்டி:

கேபிள் கதையை எதற்கு இழுக்கிறீர்கள்? என்னிடம் இருந்தது பிந்தைய பலகை, வேலை செய்தது, சொன்னேன். பொய்யா சொன்னேன்? நீங்கள்தான் அப்போதிலிருந்து நான் எங்கே எழுதினாலும் பின்னாலேயே வருகிறீர்கள். இந்த 84 டிகிரியில் மின்சாரக் குறைவு உண்டா என்று பார்த்தீர்களா? வோல்டேஜ் விழுந்தாலும் வேகம் குறையும். 27 வாட் அடாப்டர் போட்டிருக்கிறீர்களா, கையில் கிடைத்த போன் சார்ஜரா?

வெயில்வேலூர்:

27 வாட் அடாப்டர்தான், பைக்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர் கொடுக்கும். த்ராட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேட்கும் கட்டளையையும் போட்டேன். மின்னழுத்தக் குறைவைக் காட்டும் பிட் (அடையாளக் குறி) சுத்தமாக இருக்கிறது, சூட்டுக்கான பிட் மட்டும் எரிகிறது. இன்னும் என்ன பாக்கி? பேட் கேட்டீர்கள், திருகு கேட்டீர்கள், அடாப்டர் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் சொன்னேன். நான் கேட்ட ஒன்றுக்கு நீங்கள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டீர்கள்.

தட்டான்:

அண்ணா, விடுதி அறை, பை 4, எண்ணூறு ரூபாய்...

சாலிடர்மணி:

தம்பி, பை 4-க்கு மேல்மூடி பிளாஸ்டிக்கான அலுமினிய கேஸ் போதும்.

வெயில்வேலூர்:

மணி அண்ணா, நீங்களுமா "போதும்"? அந்தப் பையன் அறையில் எத்தனை டிகிரி என்று கேட்டீர்களா?

நாளை மதியம் ஆக்டிவ் கூலர் மாட்டி, அதே பரண், அதே நான்கு கேமரா, பக்கத்தில் அறை வெப்பமானி வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். அமைதிப்பெட்டி ஏசியை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அளந்து போடட்டும்.

அமைதிப்பெட்டி:

ஏசியை எதற்கு அணைக்க வேண்டும்? நான் தூங்குகிற அறை அது. 62 என்றால் 62.